மோரிப்பில் இரண்டு சிவப்பு நட்சத்திரங்கள்

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வழியாக எங்கும் போகாதீர்கள். நாங்கள் போனோம், இன்னும் இடுப்பு நிமிரவில்லை.

எல்லாம் என் கணவர் குணாவுக்காக. கண் அழுத்த நோயால் அவருக்கு வலது கண் பார்வை போய்விட்டது. இடது கண் எத்தனை நாளைக்கு என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அதற்குள் ஒரே ஒரு ஜோடி நட்சத்திரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றார். தெற்கு வானத்தில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு சிவப்புக் குள்ள நட்சத்திரங்கள். முப்பத்திரண்டு ஒளியாண்டு தொலைவு. நட்சத்திரக் கணக்கில் பக்கத்து வீடு. இன்று நம் கண்ணுக்கு வரும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது நான் பள்ளியில் படிவம் ஐந்து படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிரகத்தின் வளையத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன்.

"அது போட்டோவுலயே நல்லாத் தெரியும் மலர். இதுங்க ரெண்டும் தனித்தனியா இருக்கறத என் கண்ணால பாக்கணும்," என்றார்.

நிலா இல்லாத சனிக்கிழமையாகக் கைப்பேசியில் தேடி, இரண்டு மாதம் முன்பே லீவு போட்டது நான்தான். நிலா இல்லையென்றால் அமாவாசை, ஐப்பசி அமாவாசை என்றால் தீபாவளி. சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியை ஒரு தடவை திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்தபோது லீவை மாற்ற வழியில்லை.

மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். தொலைநோக்கி கிள்ளானில் அவருடைய தங்கை வீட்டில் இருந்தது. அங்கே லிட்டில் இந்தியா பக்கம் கார் நகரவே இல்லை. புடவைக் கடை, பலகாரக் கடை, நடுரோட்டில் கை நிறையப் பைகளோடு ஜனம். குணாவால் இப்போது ஓட்ட முடியாது என்பதால் முழுத் தூரமும் நானே ஓட்டினேன். வாய் விட்டுத் திட்டவும் செய்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு பந்திங் வழியாக மோரிப் கடற்கரைக்கு வந்தபோது எட்டாகிவிட்டது. மொத்தம் எழுபது கிலோமீட்டர்தான். டோல், பெட்ரோல், வழியில் சாப்பிட்ட ரொட்டி சானாய், குடித்த தே தாரிக் டீ எல்லாம் சேர்த்து எண்பது ரிங்கிட்.

மேகம் இல்லை. ஆனால் ஒரு குடும்பம் மணலில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. புகை நேராக எங்கள் பக்கம்தான் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெரியவரிடம் போனேன்.

"அங்கிள், அரை மணி நேரம் வெடிக்காம இருக்க முடியுமா? இவரு ஒரு ஸ்டார் பாக்கணும்."

"எந்த ஸ்டாரும்மா?"

"ரெண்டு சின்ன ஸ்டாரு அங்கிள். ரொம்ப இளசு. இருபது மில்லியன் வருஷந்தான் ஆகுது," என்றார் குணா.

"அது இளசா? அப்ப நான் இன்னும் பொறக்கவே இல்ல லா!" என்று சிரித்துவிட்டு, "பாருங்க, நாங்க சாப்பிட்டுட்டு வரோம்," என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தங்கை கொடுத்த பலகாரக் கூடையின் சிவப்புக் கண்ணாடித்தாளை டார்ச்சில் சுற்றிக்கொண்டேன்; வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் இருட்டுக்குப் பழகாது. மகர ராசிக்குத் தெற்கே, கைப்பேசி வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடினேன். கழுத்து ஒடிந்துவிடும்போல வலித்தது. இருபது நிமிடம் கழித்துக் கிடைத்தது. நகர்ந்து குணாவுக்கு இடம் விட்டேன்.

அவர் வெகுநேரம் குனிந்தபடியே நின்றார்.

"ரெண்டு, மலர். ஒட்டிக்கிட்டு ரெண்டு. நீ பாத்தியா?"

"பாத்தேங்க."

திரும்பும்போது சாலை காலியாக இருந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: அமாவாசையை ஒட்டிப் போங்கள், ஆனால் ஐப்பசியில் வேண்டாம். கொசு மருந்து கட்டாயம். எங்களுடையது ஆறு அங்குலத் தொலைநோக்கி. அதைவிடப் பெரியதாக எடுத்துப்போங்கள். எங்களுடையதில் எனக்கு ஒரே ஒரு மங்கலான புள்ளிதான் தெரிந்தது.

அவருக்கு நிஜமாகவே இரண்டு தெரிந்ததா, இல்லை நாளெல்லாம் வண்டி ஓட்டிக் களைத்தவளுக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. கேட்கவும் போவதில்லை. என் பயணப் பதிவுகளை இப்போது நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். இதை வாசிக்கும்போது, அவர் தூங்கிய இடத்தோடு நிறுத்திக்கொள்வேன்.