தேவி அத்தையின் கத்திப்பூப் பாத்தி

எங்கள் மலை ஊரில் களையெடுப்பதில் அர்ச்சுனன் மாமாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சாமை முளைத்துப் பதினைந்து நாள் ஆகும்போது எது பயிர், எது புல் என்று எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். அவர் உட்கார்ந்தபடியே களைக்கொத்தை வீசிக்கொண்டு போவார். பின்னால் பயிர் மட்டும் நிற்கும். அந்தத் திறமையோடு திமிரும் உண்டு. அடுத்தவர் கொல்லையில் புல்லைப் பார்த்தால் ஒரு சொல்லால் குத்தாமல் தாண்டிப் போகமாட்டார். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் எனக்கு வருஷத்துக்கு நாலு குத்தாவது விழும்.

அவர் கையே படாத இடம் ஒன்று இருந்தது. வீட்டுக்குப் பின்னால், அவர் மனைவி தேவி அத்தையின் பூப்பாத்தி. அத்தை காவலூரில் ஒரு பங்களாவில் பாத்திரம் துலக்கப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே தோட்டக்காரர் பாலமுருகன் ஐந்து கிளாடியோலஸ் கிழங்கு கொடுத்தார். இலை கத்தி மாதிரி நிற்பதால் அத்தைக்கு அது கத்திப்பூ. அந்த இடத்தில் நாலு அவரை போட்டாலாவது குழம்புக்கு ஆகும் என்று மாமா முணுமுணுப்பார். அத்தை காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். பதினோரு வருஷத்தில் ஐந்து கிழங்கு அறுபதுக்கு மேல் ஆனது. ஆவணி, புரட்டாசியில் சிவப்பும் மஞ்சளுமாகக் குச்சி குச்சியாகப் பூத்து நிற்கும்.

அப்படிப் பூத்திருந்த ஒரு புரட்டாசியில் அத்தை மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் கீதாஞ்சலி வந்து காரியம் முடியும்வரை இருந்தாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது, எத்தனை நாள் இருப்பாள்? அவள் போன பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. மாமா காலையில் கிண்டிய களியையே ராத்திரியும் தின்றார். சத்தமில்லாத வீடு பக்கத்தில் இருந்தால் நமக்கும் சத்தமாகச் சிரிக்கக் கூச்சமாக இருக்கிறது. என் பிள்ளைகளைக்கூட நான் அதட்டி வைத்தேன்.

துக்கம் கேட்க வந்த பாலமுருகன், கிழங்கை மண்ணிலேயே விட்டால் மழை ஈரத்தில் அழுகிவிடும், இலை பழுத்ததும் தோண்டி, நிழலில் காயவைத்து, பத்திரமாக எடுத்து வைத்து, ஆனி மாதம் நடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மார்கழிப் பனியில் மாமா அந்தப் பாத்தியில் முதல்முதலாக உட்கார்ந்தார். ஒவ்வொரு கிழங்காக மண்ணைத் தட்டி முறத்தில் வைத்தார். நான் வேலி ஓரம் நின்றிருந்தேன்.

"அவ வருசத் திதிக்கு இந்தப் பூவத்தாம்மா வெக்கணும்," என்றார். "இருந்தப்ப அவளுக்குன்னு நா ஒண்ணும் செஞ்சதில்ல."

உண்மைதான்.

மலையில் விதை என்றால் அதற்கு ஒரே இடம்தான். சாமையோ கேழ்வரகோ, சாம்பல் புரட்டி, அடுப்புக்கு மேலே கட்டின மூங்கில் தட்டியில் ஏற்றிவிடுவோம். புகை பட்ட விதையில் பூச்சி ஏறாது. மாமா தன் உயிரைப் போல நினைத்த அந்தக் கிழங்குகளையும் அப்படித்தான் சாம்பல் புரட்டித் துணியில் கட்டி மேலே ஏற்றினார். நானும் பார்த்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சித்திரையில் கோடை மழை பெய்ததும் காலிப் பாத்தியில் மெல்லிசாகப் புல் கிளம்பியது. கிழங்கு போகப்போகிற இடம் என்று மாமா அதைச் சுத்தமாகப் பிடுங்கினார். மறுபடி முளைத்தது, மறுபடியும் பிடுங்கினார். மூன்றாம் முறை வேரோடு கெல்லி எடுத்து, என் ஆட்டுக்குப் போடச் சொல்லி வேலிக்கு இந்தப் பக்கம் எறிந்தார். போட்டேன்.

ஆனியில் நட்டார். பத்து நாள் போயிற்று, இருபது நாள் போயிற்று, ஒன்றும் வரவில்லை. ஒன்றைத் தோண்டினால் வசம்பு மாதிரி வற்றிப்போய் இருந்தது. ஐந்தாறு மாதம் அடுப்பு அனலில் வெந்தது எப்படி முளைக்கும்? அறுபதையும் தோண்டிப் பார்த்துவிட்டு, நாலைந்தை மடியில் கட்டிக்கொண்டு காவலூருக்குக் கிளம்பினார். தனியாக விட மனம் வராமல் நானும் பஸ் ஏறினேன்.

பாலமுருகன் ஒரு கிழங்கை விரலால் அழுத்தினார். அது பொடிந்தது. ஆனாலும் அவர் பதறவில்லை.

"பெருசு போனா போவுதுங்க. தோண்டறப்ப குட்டிக் கெழங்கு அரிசி அரிசியா மண்ணுல உதிர்ந்திருக்கும். அது மழைக்கு வந்திருக்கணுமே. மொத வருசம் புல்லு மாதிரிதான் இருக்கும், அதக் களையாம உட்டா ரெண்டு வருசத்துல பூக்கும். தேவியம்மா அப்படித்தானே பெருக்கினாங்க."

மாமா மிச்சக் கிழங்கைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டார். அவர் பிடுங்கிப் பிடுங்கி எறிந்து, நான் ஆட்டுக்குப் போட்ட புல் எனக்கு நினைவு வந்தது. வேறு கிழங்கு வரவழைத்துத் தருகிறேன் என்று பாலமுருகன் சொன்னபோது மாமா, வேண்டாம், அது அவள் வளர்த்தது ஆகாது என்றார். திரும்பும்போது பஸ்ஸில் நான் இடம் பிடித்து வைத்தும் அவர் பின்சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

அத்தையின் வருஷத் திதிக்குக் கீதாஞ்சலி ஓசூரிலிருந்து சாமந்தி வாங்கி வந்து வைத்தாள். அத்தை படத்துக்கு முன்னால் மாமா கொஞ்ச நேரம்தான் நின்றார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பின்புறம் காடாகிவிட்டது. கோரையும் தும்பையும் தொட்டாற்சுருங்கியும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தன. கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊரில் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சும் பொறுக்கவில்லை, அந்தப் புதரில் ஒரு நாள் பாம்பு போனதும் பொறுக்கவில்லை. களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னா மாமா, வூட்டுக்குள்ள பாம்பு வர்ற வரைக்கும் உடுவீங்களா? நவுருங்க, நா எடுத்துடறேன்."

அவர் வந்து என் கையிலிருந்த களைக்கொத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா," என்றார். "இதுல ஒண்ணு ரெண்டு அவளோடதா இருக்கும். எதுன்னு எனக்குத் தெரில."