சம்பந்திக் கடையில் கை நனைக்காமல் இருந்தது

அந்தக் கடையை எங்களுக்குக் காட்டித் தந்தது பசிதான். என் கணவரின் கண்ணைச் சோதித்து முடிய ஆஸ்பத்திரியில் மத்தியானம் கழிந்துவிட்டது. விட்ட சொட்டு மருந்தில் எதிரே வருகிற பஸ்ஸின் நம்பர்கூட அவருக்குத் தெரியவில்லை. லண்டனின் மறு கோடியில் எங்கள் வீடு இருக்கிற செவன் கிங்ஸ் வரைக்கும் வெறும் வயிற்றோடு போக ஏலாது என்று நடுத்தெருவில் நின்றுவிட்டார். ரயில் பாலத்தை ஒட்டி மஞ்சள் பெயிண்ட் அடித்த சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருந்தது. வெனிசுவேலாச் சாப்பாடாம். வெனிசுவேலா என்றால் எனக்கு உலக அழகிப் போட்டியும் பெற்றோலும்தான் தெரியும். வேறு வழியில்லாமல் உள்ளே போனோம்.

சோள மாவைத் தட்டிக் கல்லில் சுட்டு, நடுவே கீறி, உள்ளே கறுத்த பீன்ஸும் சீஸும் அடைத்த தடித்த ரொட்டி வந்தது. அரேபா என்றார்கள். கத்தி, முள்ளுக்கரண்டி எதுவும் வரவில்லை. சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் கையால்தான் கடித்துக்கொண்டிருந்தார்கள். பாரிஸில் இருந்த காலம் முழுக்க வெளியே சாப்பிடப் போனால் முள்ளுக்கரண்டியோடு மல்லுக்கட்டியவள் நான். அன்றைக்கு எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கணவருக்குச் சோற்றுத் தட்டு வந்தது. சோறு, பீன்ஸ், பிய்த்துப்போட்ட மாட்டிறைச்சி, ஓரத்தில் பொரித்த வாழைப்பழம். வாழைப்பழத்தைச் சோற்றோடு தின்கிற சனம் கெட்ட சனமாக இருக்க முடியாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

அதன்பிறகு சேர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் அங்கேதான். கடைக்கார அம்மாவுக்கு என் வயதிருக்கும். கராகஸை விட்டு ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து லண்டன் வந்தவர். நாங்களும் பாரிஸிலிருந்து இங்கே பெட்டி கட்டியவர்கள்தான். அவருக்கு ஸ்பானிஷ், எனக்குத் தமிழ், இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். என்னைக் கண்டதும் கேட்காமலே உறைப்புச் சோஸைக் கொண்டுவந்து வைப்பார். சனி, ஞாயிறுகளில் அவருடைய மகள் கல்லாவில் நிற்பாள். சிரித்த முகம்.

குளிர் காலத்தில் எங்களைக் காரில் கொண்டுவந்து விட வந்த என் மகன், பிறகு கோடையிலும் விடாமல் வந்தான். அவனுக்கு மாட்டிறைச்சியில் ஆசை என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் சம்பந்தம் பேசிக் கொடுக்கிற எனக்கு, என் கண்ணுக்கு முன்னால் நடந்தது தெரியவில்லை.

ஒருநாள் குசினி வாசலில் நின்றுகொண்டு சொன்னான்.

"அம்மா, நான் அந்தக் கடைப் பிள்ளையைத்தான் கட்டப் போறன். பெரியாக்கள் சம்மதிக்காட்டி அவள் கட்ட மாட்டாளாம். வாற ஞாயிறு அவையின்ர அம்மா உங்களைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறா."

பக்கத்துக் குட்மேய்ஸில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பிள்ளையை நான் மனதில் வைத்திருந்தேன். அவளுடைய தாயிடம் ஒரு சொல்லும் போட்டு வைத்திருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்தது. எங்களைப் போல வேதக்காரப் பிள்ளைதானே என்று கணவர் சமாதானம் சொல்ல வந்தார். போப்பாண்டவரின் பேத்தியாக இருந்தாலும் எனக்குத் தேவையில்லை என்றேன். போப்பாண்டவருக்குப் பேத்தி ஏது என்று கேட்டுவிட்டு மனிதர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஆனாலும் போகத்தான் வேண்டியிருந்தது. போகாவிட்டால் மகன் கையை விட்டுப் போய்விடுவான் என்று பயந்தேன். போய் ஓம் என்று சொல்லவும் மனம் இல்லை. அதற்கு எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. சம்பந்தம் பேசப் போன வீட்டில் முடிவு சொல்லுமட்டும் கை நனைக்கக் கூடாது. தேத்தண்ணிகூடத் தொடக் கூடாது. கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். "அங்கை ஒண்டும் வாயிலை வைக்காதேங்கோ" என்று கணவருக்குக் கட்டளை போட்டேன்.

"சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சாப்பிடாமல் வாறதோ? இவ்வளவு நாளும் விழுங்கினது என்ன கணக்கு?"

"அது காசு குடுத்துத் திண்டது. இது வேற."

வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதாகத்தான் திட்டம். பூசை நீண்டு போனதில் அதுவும் நடக்கவில்லை.

எங்களுக்காகக் கடையை மத்தியானத்தோடு பூட்டியிருந்தார்கள். மற்ற மேசைகளில் கதிரைகளைக் கவிழ்த்து வைத்து, நடு மேசைக்கு மட்டும் விரிப்புப் போட்டிருந்தது. அரேபா, வாழைப்பழம், சீஸை மாவில் சுற்றிப் பொரித்தது, சர்க்கரையும் தேசிக்காயும் கரைத்த குளிர்பானம் எல்லாம் ஆவியும் பனியுமாக வந்து நிறைந்தன. உறைப்புச் சோஸ் எனக்குப் பக்கத்தில் இருந்தது.

"சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள்" என்று சொல்லி, கையை மடியில் வைத்துக்கொண்டேன். மகன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். அந்த நேரம் பார்த்து என் கணவரின் வயிறு எல்லோருக்கும் கேட்க உறுமியது.

கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே தட்டை இன்னும் கிட்டத் தள்ளினார். நான் தள்ளி வைத்தேன். மறுபடி தள்ளினார். மறுபடி நானும். அவருடைய மகள் பெட்டையின் முகம் வாடிப்போனது. மகன் வேறு வழியில்லாமல் எங்கள் வழக்கத்தை அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கினான். அவள் தாய்க்கு ஸ்பானிஷில் நெடுநேரம் சொன்னாள். தாயின் சிரிப்பு நின்றது. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து இருந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்து வைத்துவிட்டு என்னை நேரே பார்த்துப் பேசினார். மகளுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல நா எழவில்லை. தாய் அதட்டிய பிறகுதான் சொன்னாள். மகன் தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னான்.

"அவவும் இன்னும் ஓம் சொல்லேல்லையாம் அம்மா. இண்டைக்கு என்ர கையாலை தின்னமாட்டம் எண்டுறவை, நாளைக்கு என்ர பிள்ளையின்ர கையாலை தின்னுவினமோ எண்டு கேக்கிறா."

மாப்பிள்ளையைப் பெற்றவள் என்ற மிடுக்கோடு வந்தவள் நான். ஓமா இல்லையா என்பது என் வாயில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இந்தத் தாயும் என் மகனை எடை போட்டுக்கொண்டிருப்பார், வேண்டாம் என்று சொல்லவும் கூடும் என்று ஒரு நிமிடமும் எண்ணிப் பார்க்கவில்லை. இது வெறும் வழக்கம், உங்களைக் குறைவாக நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முழுதும் சொல்ல முடியவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழும்பி வருவது சம்பந்தம் பேசப் போன இடத்தில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. ஆளைத் தரம் பிரித்து வாசலோடு நிறுத்தவும் எங்கள் சனம் அதைத்தான் செய்தது, இன்றைக்கும் செய்கிறது. எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்தத் தாய் சரியாக அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது.

"கடைசியா என்ன சொல்ல அம்மா?" என்று மகன் கேட்டான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவன் அப்படிக் கெஞ்சி என்னிடம் கேட்டதில்லை.

"என்ர மகனுக்கு உங்கட பிள்ளையைத் தாங்கோ எண்டு நான் பொம்பிளை கேக்கிறன் எண்டு சொல்லு" என்றேன். "மகனை நான் வளர்த்தது சரியோ பிழையோ தெரியாது. ஆனால் உங்கட பிள்ளை சமைச்சால் நான் பக்கத்திலை இருந்து தின்னுவன். நான் சமைச்சால் அவவும் என்னோடை இருந்துதான் தின்ன வேணும் எண்டு சொல்லு."

என் சொல் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கும் போய்ச் சேருமட்டும் நான் அந்தத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டை கடைசிச் சொல்வரைக்கும் சொல்லி முடித்தாள்.

தாய் எழுந்து, அரேபாத் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

நாங்கள் நாலு பேரும் மேசையில் இருந்தோம். என் கணவர் என் முதுகில் கையை வைத்தார். வேண்டாம் என்றால் மகனை எப்படித் தேற்றுவேன் என்று யோசித்தேன். உள்ளே கல்லில் ஏதோ சீறுகிற சத்தம் கேட்டது.

"ஆறிப்போச்சாம். சூடாக்கிறாவாம்" என்று பெட்டை சொன்னதை மகன் மெதுவாகச் சொன்னான்.

திரும்பி வந்தபோது அவர் தட்டை மேசையில் வைக்கவில்லை. அடுப்பிலிருந்து எடுத்த அரேபா ஒன்றைக் கடதாசியில் சுற்றி, என் மடியிலிருந்த கையைப் பிடித்துத் தூக்கி, உள்ளங்கையில் வைத்தார். நெருப்பாகச் சுட்டது. கீழே வைத்தால் என்ன நினைப்பாரோ என்று பயமாக இருந்தது. அப்படியே கடித்தேன்.