பின்பலகையில் எழுதியிருந்தது

எனக்கு இருப்பது ஒரே லாரி. வீட்டுக்காரர் போன பிறகு விற்றுவிடச் சொன்னார்கள், நான் விற்கவில்லை. நாமக்கல்லில் லாரி வைத்திருக்கிற பொம்பளை, எல்லோரையும் நம்பினால் கடைசியில் டயர்கூட மிஞ்சாது. அதனால் நான் நம்புவதில்லை.

வருசா வருசம் வண்டியை எஃப்.சி. காட்ட வேண்டும். பிரேக், லைட்டு, டயர் எல்லாம் பார்த்து, ரோட்டில் ஓடலாம் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்வதுதான் எஃப்.சி. அந்தத் தடவை, வண்டி கொண்டுவரும் டிரைவருக்கு அங்கேயே கண் பரிசோதனையும் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதும் எங்கள் டிரைவர், "எஃப்.சி.க்கு மட்டும் வேற ஆளப் போடுங்கக்கா, ஊர்ல ஒரு காரியம் இருக்குதுங்க" என்றான். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து இருப்பவன். எஃப்.சி. அன்றைக்கு ஊருக்குப் போனதே இல்லை.

எனக்கு ஏற்கெனவே சந்தேகம். கொஞ்ச காலமாக லோடு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. கேட்டால், ராத்திரி ஓரங்கட்டிப் படுத்துவிட்டேன் என்பான். டீசல் விற்கிறான் என்று நினைத்து டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்படியானால் டயர். எஃப்.சி. சமயத்தில் பட்டறையில் வண்டிக்கு வண்டி டயர் மாறும். நம்முடைய நல்ல டயர் எவன் வண்டியிலோ ஏறிப் போய்விடும். டயருக்கெல்லாம் உள்பக்கம் பச்சைப் பெயிண்டில் பொட்டு வைத்துவிட்டு, பட்டறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பொட்டெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தது.

பின்பலகைக்கு மஞ்சள் அடித்து, பெயிண்டர் புதிதாக எழுத்து எழுதிவிட்டு டீ குடிக்கப் போனான். நான் படித்தது ரெண்டாவது வரைக்கும். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். கூட்டினேன். ப, ள், ளி. வா, க, ன, ம். மறுபடியும் கூட்டினேன். அதேதான் வந்தது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட பஸ் நின்றது, அதுவும் மஞ்சள். அதற்கு எழுத வேண்டியதை என் லாரிக்கு எழுதி வைத்திருக்கிறான்.

பெயிண்டரைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். என்னவோ தோன்றியது, கேட்டேன்.

"தம்பி, எழுதுனது சரியா இருக்குதா? படி, பாக்கலாம்."

நின்ற இடத்திலிருந்தே தலையைச் சாய்த்துப் பார்த்தான். "ஒலி எழுப்பவும்னு இருக்குதுங்கக்கா. எழுத்து பளிச்சுனு இருக்குதுங்க."

"கிட்டப் போயிப் படி."

போனான். மூக்கு பலகையில் படுகிற அளவுக்குப் போனான். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எத்தன நாளா இப்படி?"

"ஆறேழு மாசமாவே மங்கலுங்க. ராத்திரியில எதுக்க வர்ற லைட்டு பூவாட்டம் விரிஞ்சுருதுங்க. அதான் பொழுது உழுந்தா ஓரங்கட்டிருவேன். டெஸ்ட்ல தெரிஞ்சா லைசென்சப் புடுங்கிருவாங்க. வேற தொழில் தெரியாதுங்கக்கா."

நான் கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்தான்.

"இது வேற ஆளுக்குப் போயிருமுங்களா?"

"கண்ணு வந்தா சாவி வரும்."

பெயிண்டர் திட்டு வாங்கிக்கொண்டு, பழைய எழுத்தின்மேல் மஞ்சள் அடித்து மாற்றி எழுதினான். ஒரு நாள் கூலிக்கு ஆக்டிங் டிரைவரை வைத்து எஃப்.சி. முடிந்தது. இவனைச் சேலத்தில் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நிஜமாகவே போனானா என்று அவன் பொண்டாட்டிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னதையும் முழுசாக நம்பவில்லை.

கண்ணில் புரை எடுத்து, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவந்து நீட்டினான். அதை வாங்காமல், அன்றைக்கு நின்ற அதே தூரத்தில் நிறுத்திப் பலகையைப் படிக்கச் சொன்னேன்.

"ஒலி எழுப்பவும்ங்க."

"அத நீ கண்ணு தெரியாதப்பவே படிச்ச."

சிரித்துவிட்டான். கொஞ்ச நேரம் பார்த்தான். "அதுக்கு அடியில ஒரு ளகரத்தோட சுழி லேசாத் தெரியுதுங்கக்கா. ஓரத்துல மஞ்ச சரியா மூடல."

நான் கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன். இருந்தது. இத்தனை நாள் என் கண்ணுக்கே அது படவில்லை.

சாவியைக் கொடுத்தேன். அப்புறம், ரெண்டு கோட்டிங் அடித்தேன் என்று சத்தியம் பண்ணின பெயிண்டரைத் தேடிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.