வேன் கதவில் இருந்த எண்

மார்லீன் கோசாக் லாங் ஐலண்டில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். யாரையும் லேசில் நம்பமாட்டாள். முட்டை வாங்கினால்கூடப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள், குளியலறையை இடித்துக் கட்ட லியோ ஃபாருஜா என்பவனிடம் கையெழுத்துப் போட்டதற்கு ஒரே காரணம், சொன்ன நாளில் அவன் வந்து நின்றதுதான்.

"வீட்டு வேலை செய்ய லைசென்ஸ் இருக்கா?"

"வேன் கதவுலயே நம்பர் போட்டிருக்கேனே, தங்கம்."

"என் பேரு மார்லீன்."

வேலை மளமளவென்று நடந்தது. அதுவே அவளை உறுத்தியது. வேன் கதவில் அந்த எண்ணுக்கு மேலே ஏதோ பெயரைச் சுரண்டிய தடம் வேறு. ஓடு பதித்து முடிந்த அன்று லைசென்ஸ் கொடுக்கும் கவுண்டி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எண் வேறொருவன் பெயரில் இருந்தது. அதுவும் காலாவதியாகி இரண்டு வருடம்.

கடைசித் தவணையைத் தர மறுத்தாள். லியோ வழக்குப் போட்டான்.

"வேலை செஞ்சப்போ உங்ககிட்ட லைசென்ஸ் இருந்துச்சா?" என்று நீதிபதி கேட்டார்.

"என் மச்சானோடது இருந்துச்சு. வேலையில என்ன குறைன்னு அவங்களைச் சொல்லச் சொல்லுங்க!"

"நான் கேட்டது உங்க பேர்ல."

லியோ இல்லை என்று தலையாட்டினான். லைசென்ஸ் இல்லாதவன் போட்ட ஒப்பந்தம் செல்லாது, பாக்கியைக் கேட்க முடியாது என்றார் நீதிபதி.

"அப்போ நான் ஏற்கெனவே கொடுத்தது?" என்றாள் மார்லீன்.

"குளியலறை உங்க வீட்லதானே இருக்கு? லைசென்ஸ் இல்லைங்கிறதுக்காக மட்டும் அதைத் திருப்பி வாங்கித் தர முடியாதும்மா."

வெளியே படிக்கட்டில் லியோ அவளை நிறுத்தினான். "ஷவர்ல ஒரு சொட்டு ஒழுகினாலும் கூப்பிடுங்க."

ஏன் அப்படிச் சொன்னான்? ஒழுகும் என்று தெரிந்துதான் சொன்னானா? வீட்டுக்கு வந்ததும் ஓடுகளை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். குழாய்க்கடியில் காகிதம் விரித்து வைத்தாள். மூன்று வாரம் போயும் காகிதம் காய்ந்தே கிடந்தது. மனம் ஆறவில்லை. காசு கொடுத்து ஒரு பிளம்பரை வரவழைத்தாள். அவர் சுவரில் ஈரம் பார்க்கும் கருவியை அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தார்.

"சுத்தமான வேலை. நானே இவ்வளவு பொறுமையா செஞ்சிருக்க மாட்டேன். யாரு செஞ்சது? ஆளு வேணும் எனக்கு."

மார்லீன் அந்தச் சுவரை இன்னொரு முறை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். பிறகு, லியோவின் போன் நம்பரைத் தேட உள்ளே போனாள்.