பதவி போனவனையும் விசாரிப்பினமோ?

அம்மாவுக்கு அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று கூடத் தெரியாது. ஆனால் அங்கே பதவியை விட்டுப் போன ஒரு ஜனாதிபதியைச் சபை கூடி விசாரிக்கப் போகிறது என்ற செய்தி மட்டும், இலங்கையின் வன்னியில் அவர் இருக்கும் தறப்பாள் பந்தல் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக எடுக்கிற அழைப்பில், சாப்பிட்டியோ என்று கூடக் கேட்கவில்லை.

"பிள்ளை, பதவி போன பிறகும் விசாரிக்கலாமாமே? உண்மையோ?"

"ஓம் அம்மா, அப்பிடித்தான் சொல்லுகினம்."

"அப்ப எங்கடை நாட்டை ஆண்ட ஆக்களையும் ஒரு நாளைக்கு விசாரிப்பினமெல்லே?"

போர் முடிந்த வாரத்தில், பெயர் பதிந்துவிட்டுப் போகலாம் என்று இராணுவம் அறிவித்தபோது என் தம்பியைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டவர் அம்மாதான். "விசாரிச்சுப்போட்டு விட்டிடுவினம், பயப்பிடாதை" என்று அவனுக்குச் சொன்னவரும் அவர்தான். அவன் வரவில்லை. இப்போது அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதே மாதிரிப் படங்களோடு வரும் மற்றத் தாய்மாருடன் வீதியோரப் பந்தலில் இருக்கிறார். அங்கே இருக்கிற எல்லோருக்கும் ஒரே ஒரு கேள்விதான்: எங்கள் பிள்ளைகள் எங்கே? பதில் சொல்ல வேண்டியவர்களிடம் அவர்கள் பதவியில் இருந்தபோதும் யாரும் அதைக் கேட்கவில்லை, பதவி போன பிறகும் கேட்கவில்லை.

"பாப்பம் அம்மா" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? அந்த அமெரிக்க விசாரணை முடிகிற மட்டும் அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவார் என்று தெரிந்தது. முடிந்த பிறகு என்ன செய்வது என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

இங்கே நியூசிலாந்தில், எங்கள் ஓக்லாந்துத் தமிழருக்கோ அது நல்ல பொழுதுபோக்கு. பக்குரங்கா பிளாசாவின் கார் பார்க்கில் மரக்கறிப் பையைக் கையில் தூக்கியபடியே இரண்டு பேர் நின்று, போனவனைப் போக விடவேண்டும் என்றும், விடக்கூடாது என்றும் வாதாடுவதை நானே கண்டேன். யாருக்கு என்ன போச்சு! கடைசியில் பொங்கல் விழாவில் பட்டிமன்றத் தலைப்பாகவும் அதையே வைத்துவிட்டார்கள்: பதவி போன தலைவரை விசாரிப்பது அவசியமா, அவசியமில்லையா?

என் கணவர் நல்ல பேச்சுக்காரர். எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். அவருக்கு விழுந்தது 'அவசியமில்லை'. வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்கோவன். நீங்கள் எப்பிடி அந்தப் பக்கம் கதைக்கிறது?"

"இஞ்சேரும், உது விளையாட்டெல்லே. பட்டிமன்றத்திலை பேசுறவனுக்குச் சொந்தக் கருத்தெண்டு ஒண்டும் இல்லை."

மேசையில் இருந்த மகள் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இட்ஸ் ஜஸ்ட் எ டிபேட், அம்மா" என்றாள். அவளுக்குத் தன் மாமனை ஒரு படமாகத்தான் தெரியும். அவளை நொந்துகொள்ளக் கூடாதுதான். நொந்துகொண்டேன்.

இதற்குள் அம்மாவிடம் மருமகன் மேடையில் அந்த விசாரணையைப் பற்றிக் கதைக்கப் போகிறார் என்று வாய் தவறிச் சொல்லியிருந்தேன். எந்தப் பக்கம் என்று அம்மா கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கலாம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. பந்தலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டாராம்.

விழா த்ரீ கிங்ஸ் புறநகர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை மாலை. நான் மண்டபத்துச் சமையலறையில் வடையைத் தட்டில் அடுக்கிக்கொண்டு நின்றேன். பரிமாறுகிற ஜன்னல் திறந்திருந்ததால் மேடை நேரே தெரிந்தது. பட்டிமன்றம் என்றால் மனைவியை நக்கலடிக்காமல் பேச்சே தொடங்காது. அதை எவன் தொடக்கி வைத்தானோ, அவன் நாசமாய்ப் போக. என் கணவரும் அப்படியே தொடங்கினார்.

"நான் வீட்டிலை பதவி இழந்து கனகாலம். ஆனா என்ர மனுசியின்ரை விசாரணை இன்னும் முடியேல்லை!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் சட்னி ஊற்றிக்கொண்டு நின்றவள் என்னை இடித்துவிட்டுச் சிரித்தாள். சரி, இது வழக்கம்தானே என்று நானும் பல்லைக் காட்டினேன்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலை எனக்குத் தெரியும். கைதட்டு வாங்கப் போகிறார் என்று அர்த்தம்.

"என்ர மாமி ஊரிலை றோட்டோரம் ஒரு பந்தலிலை இருக்கிறா. மடியிலை மகன்ரை படம். விசாரணை வரும், விசாரணை வரும் எண்டு சொல்லிச் சொல்லியே அந்த மனிசியை வெயிலிலை இருத்தி வைச்சிருக்கினம். விசாரிக்கிறம் எண்டு சொல்லுறவை ஒருத்தரும் தண்டிக்கப் போறேல்லை. நம்பிக்கை குடுத்தே கொல்லுவினம். அதாலை கேக்கிறன், போனவன் போகட்டும். அந்தத் தாயை வீட்டை போக விடுங்கோ!"

கைதட்டல், ஓயவே ஓயாத கைதட்டல். தலைகள் சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பின. எல்லோர் கண்ணிலும் என் மேல் பரிதாபம். கையில் வடைத் தட்டோடு நான் எங்கே போய் முகத்தை ஒளிக்க?

நடுவர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சார் பேசுறதக் கேட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. தீர்ப்ப நான் வேற சொல்லணுமா? உங்க கைதட்டே சொல்லிடுச்சு. விசாரணை அவசியமில்லை!" என்றார். இவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கார் பக்குரங்காப் பாலத்துக்கு வந்திருந்தது. பொன்னாடை பின்சீட்டில் மகளின் மடியில் கிடந்தது.

"நான் பொய் ஏதும் சொன்னனானே?" என்று அவர்தான் தொடங்கினார்.

"பொய் சொல்லியிருந்தால் பரவாயில்லை" என்றேன்.

அதுதான் என்னைத் தின்றது. அவர் சொன்னதில் பிழை இருந்திருந்தால் கோபத்தோடு போயிருக்கும். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான், எத்தனையோ வருடமாக. ஒருத்தரும் விசாரிக்கப் போவதில்லை, ஒருத்தரும் தண்டிக்கப்படப் போவதில்லை, தம்பி வரப்போவதில்லை. ஆனால் அதை நான் வாய்விட்டு ஒருவருக்கும் சொன்னதில்லை. என் வீட்டுக்குள் பொத்தி வைத்திருந்ததை இந்த மனிதர் ஒலிவாங்கியில் சொல்லி, சால்வையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை செய்தி வந்தது. அந்த அமெரிக்க ஜனாதிபதியை விடுவித்துவிட்டார்கள். பதவி போனவரை விசாரிக்கவே முடியாது என்று சொன்னவர்களும் விடுவித்தவர்களில் இருந்தார்களாம். இவர் செய்தியைப் படித்துவிட்டு, நான் நேற்றே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சட்டியை எடுத்திருப்பேன். தேத்தண்ணி போட்டு என் முன்னால் வைத்தார். குடிக்க மனம் வரவில்லை.

பின்னேரம், அங்கே விடிந்த பிறகு, அம்மாவை அழைத்தேன். ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். இவர் எதிரே இருந்தார்.

"என்ன மாதிரிப் பிள்ளை? முடிஞ்சுதோ?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை.

"முடிஞ்சுது அம்மா. விட்டிட்டினம்."

பந்தலுக்குப் பக்கத்தில் லொறி ஒன்று போகிற சத்தம் கேட்டது. அம்மா அழுவார் என்று காத்திருந்தேன்.

"விடட்டும். கேட்டவையெல்லே? நாலு பேருக்கு முன்னாலை வைச்சு, நீ என்ன செய்தனி எண்டு கேட்டவையெல்லே? இஞ்ச எங்களுக்கு அது கூட இல்லையே."

அம்மாவே தொடர்ந்தார்.

"அதை விடு. மருமோன் கதைச்சவரோ?"

"ஓம் அம்மா."

"எங்கடை பிள்ளையைப் பற்றிச் சொன்னவரோ?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

"சொன்னவர்."

"சனம் கேட்டதோ?"

"கேட்டது அம்மா. எல்லாரும் கை தட்டினவை."

அம்மா பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதை உரக்கச் சொன்னார். பிறகு ஃபோனை வாய்க்கு அருகில் கொண்டு வந்தார்.

"வீடியோ இருந்தால் அனுப்பு பிள்ளை. இஞ்ச எல்லாருமாப் பாப்பம்."

அது காலையிலேயே எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் இவர் குனிந்து ஃபோனுக்குள் சொன்னார்.

"மாமி, வீடியோ ஒருத்தரும் எடுக்கேல்லை."

"பரவாயில்லைத் தம்பி. நீங்கள் எங்கடை பிள்ளைக்காகக் கதைச்சனீங்களெல்லே. அது காணும், போதும்."