கல் ஏற்காத பெயர்

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். சத்தியம் செய்து கெஞ்சப் போவதில்லை. ஆனால் என் கை பட்ட கல்லைப் பற்றி நான் பொய் சொல்வதில்லை.

நான் அர்மீனியாவில் பிறந்தவள். கல்லில் எழுத்து வெட்டுவது என் தொழில். காஸ்தீலியச் சமவெளியிலுள்ள வால்தெநெரோஸ் என்னும் சிற்றூருக்கு மணமாகி வந்து இருபத்தோர் ஆண்டுகள் ஆகின்றன. என் பெயர் அஸ்த்கிக். வந்த முதல் வாரமே என் மாமியார் ஒப்துலியா, "அந்தப் பேரைச் சொன்னா நாக்கு சுளுக்கிக்கும்டி! இனிமே நீ அசுன்சியோன்" என்று முடித்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர்க் கன்னியர் மடத்துக் கோயிலில் ஓர் அரசியின் கல்லறை உண்டு. எழுநூறு ஆண்டுகளுக்கு முன், வடக்கேயுள்ள பனி நாட்டிலிருந்து மணமுடித்துக் கொண்டுவரப்பட்டவள். நான்கே ஆண்டுகளில் இறந்தாள். அரண்மனை அவளுக்கு இட்ட பெயர் லியோனோர். பிறந்தபோது வைத்த பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மூடுகல்லில் தேய்ந்துபோன 'லியோனோரை' மீண்டும் வெட்டித் தரும் பணி எனக்குக் கிடைத்தது.

திங்களன்று வெட்டினேன். செவ்வாய் காலை கல் வழுவழுவென்று இருந்தது. மீண்டும் வெட்டினேன். புதன் காலையும் அவ்வாறே.

மடத்தலைவி மதர் எதெல்வினா பொறுமையிழந்தார்.

"கல்லை வெட்டறியா, தடவிக் குடுக்கறியா? நாளைக்கு ஆயர் வராரு. இன்னிக்குப் பேர் இல்லன்னா, இங்க உனக்கு இனி வேலையே கிடையாதும்மா."

புதன் பிற்பகல். ஆகஸ்டு வெயிலில் ஊரே உறங்கும் நேரம். மணி 3:07. உளியை வைத்தேன்.

ஒரு தட்டு. இரண்டு ஓசை.

நிறுத்தினேன். ஓசை நிற்கவில்லை... டக்... டக்... கல்லுக்கு அடியிலிருந்து.

3:12. சுவரில் பதித்த சுழல்பெட்டி கிரீச்சென்று திரும்பியது. கன்னியர் முகம் காட்டாமல் பொருள் கொடுத்து வாங்குவது அதன் வழியேதான். தண்ணீர் வந்திருக்கிறது என்று எண்ணி, "மாசற்ற மரியே வாழ்க" என்றேன்.

"ஜென்மப் பாவமின்றி உற்பவித்தவளே" என்று மறுமொழி வரவேண்டும். தூக்கத்தில் எழுப்பினாலும் எந்தக் கன்னியாஸ்திரியும் அதைச் சொல்லிவிடுவாள்.

வரவில்லை.

"உன் பேர் என்ன?"

பெண்குரல்.

"அசுன்சியோன்."

பெட்டி படாரென்று சுழன்றது. பனிக்குளிர் முகத்தில் அறைந்தது.

"உன் பேர்?"

"அஸ்த்கிக்..."

"அஸ்த்கிக்."

ஒரு பிசகும் இல்லை. இந்த ஊரில் எவரும் அப்படிச் சொன்னதில்லை.

உளியை வீசினேன்.

"லியோனோர்னு வெட்டமாட்டேன்!"

டக்...

நின்றது.

ஐந்து மணிக்கு மதரிடம் வெற்றுக் கல்லைக் காட்டினேன்.

"அது அவ பேர் இல்ல, மதர். வேற ஆளப் பாத்துக்கங்க."

"கிறுக்குப் புடிச்சிருக்கா, அசுன்சியோன்?"

"அஸ்த்கிக்."

வேலை போயிற்று. வருந்தவில்லை.

அக்டோபரில், ஈரக்கசிவைப் பார்ப்பதற்காக மூடுகல்லைத் தூக்கினார்கள். மதர் ஆள் அனுப்பி என்னை அழைத்தார். கல்லின் அடிப்புறம் முழுவதும், அந்தப் பனி நாட்டின் பழைய எழுத்தில், ஒரே பெயர்... வரிவரியாக, நூற்றுக்கணக்கான முறை. அதைப் பார்த்து அப்படியே மேற்புறத்தில் வெட்டினேன். இன்றுவரை மறையவில்லை.

அன்று மதர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதெல்லாம் எழுநூறு வருஷத்துப் பழசுதானே, அஸ்... அஸ்த்கிக்?"

பழைய வெட்டு கறுத்திருக்கும். கடைசி வரியில் விரல் வைத்தேன்.

வெண்தூள் ஒட்டியது.