அரசன் ஆசைப்பட்ட பிள்ளை

மகளுக்கு இந்த வருடம் பாடமாக வந்திருப்பது நாங்கள் படித்த அதே ஆங்கில நாடகம். முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் எழுதியது. புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்த்தேன். வெறும் கடதாசி வாசம். எங்களுடையதில் தேங்காயெண்ணெய் மணக்கும். எனக்கும் வரதனுக்கும் சேர்த்து ஒரே புத்தகம். அவன் அதைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பான்.

வரதன் என் மாமியின், அதாவது அப்பாவின் தங்கையின், ஒரே மகன், என் வயது. அரியாலையில் எங்களுக்கு அடுத்த வளவு. கணக்கில் சூரன், ஓட்டத்தில் முதலாவது. நானோ சாப்பாட்டிலும் நித்திரையிலும் யாருக்கும் சளைக்காதவன். "வரதனைப் பாரடா" என்று அப்பா திட்டாமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

நாடகத்தில் ஓர் அரசன், இன்னொருவனின் முடியைப் பறித்துச் சூடியவன். அவன் மகன் மதுக்கடையே கதியென்று கிடக்கிறான். அரசனை எதிர்த்துக் கிளம்புகிறான் வேறொரு வீட்டு இளைஞன், அஞ்சாதவன். அவன் என் பிள்ளையாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று அரசனே ஏங்குகிறான். இதில் யார் வீரன் என்று வகுப்பில் கேட்டார்கள். "எதிர்த்து நிண்டவன்தான்" என்றான் வரதன். நான் இளவரசன் என்றேன். கடைசியில் தகப்பன் பக்கம் வந்து நிற்கிறானே! வகுப்பே சிரித்தது.

அன்று பின்னேரம், மாமியும் இருக்கும்போது, கதையை அப்பாவுக்குச் சொன்னேன். என் கெட்ட காலம்.

"அரசன் கேட்டதிலை என்ன பிழை? எனக்கும் வரதனைத்தான் பிள்ளையா வேணும்" என்றார்.

மாமி பூரித்துப்போய்ச் சிரித்தார்.

சோதனை எழுதும் முன்பே வரதன் சண்டை பிடிக்க இயக்கத்துக்குப் போய்விட்டான். வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் நின்ற அவன் சைக்கிளை யாரோ உருட்டிக்கொண்டு வந்து தந்தார்கள். கரியரில் எங்கள் புத்தகம் இருந்தது. அன்றே அப்பா என் சைக்கிளைத் தூணோடு சேர்த்துப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டார். கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் வந்தார்.

சில நாள் கழித்து மாமி வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பூட்டிய சைக்கிளைப் பார்த்தார்.

"அண்ணை, உங்களுக்கு வரதன்தானே வேணும்? அவனை நீங்கள் எடுங்கோ. உவனை எனக்குத் தாங்கோ."

அப்பாவின் கை மடியிலிருந்த திறப்பைப் பொத்தியது. மாமி உண்மையாகவே கேட்கிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

வரதன் வரவேயில்லை. அந்த வளவும் இன்று பற்றைக்காடு. மகள் என்னிடம் அதே கேள்வியைக் கேட்கிறாள், யார் வீரன் என்று.

அப்பாவின் அந்தத் திட்டை எவ்வளவு வெறுத்தேன்! பிறகு அப்பா சாகும்வரை, ஒரு தடவையாவது "வரதனைப் பாரடா" என்று சொல்லமாட்டாரா எனக் காத்திருந்தேன். அவர் சொல்லவேயில்லை.